எச்ஐவி கூட்டு மருந்து: தினமும் ஒரு மாத்திரையைச் சரியாக எடுப்பது எப்படி?

பரவலாகத் தரப்படும் மாத்திரை ஒன்றில் மூன்று மருந்துகள் உள்ளன: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்து தடுப்பதால்தான் வைரஸ் எளிதில் தப்ப முடிவதில்லை. அடிக்கடி மருந்தை விட்டால் இரத்தத்தில் அதன் அளவு குறைந்து, மருந்துக்கு அடங்காத வைரஸ் பெருக வழி கிடைக்கும்.

நாள்தோறும் ஒரே நேரம். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, எப்படியும் விழுங்கலாம். தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள்; அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

பலர் சறுக்கும் இடம் வேறு: வயிற்றெரிச்சல் மருந்து. அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டொலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எச்ஐவி மாத்திரையை எடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி. ஆனால் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை உணவோடு என்றால் எச்ஐவி மாத்திரையுடன் சேர்த்தே எடுக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு, 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மி.கி. டொலுடெக்ராவிர் தேவை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் தாமாக நிறுத்தினால் கல்லீரல் கடுமையாக வீங்கலாம்.

வைரஸ் அளவுப் பரிசோதனை, மருந்து தொடங்கிய 6, 12 மாதங்களில். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 1000-க்கு மேல் வந்தால், முதலில் தவறிய வேளைகளை மறைக்காமல் சொல்லுங்கள்.