தான்சானியாவில் மணி கேட்கும் முன்

சேலத்திலிருந்து தான்சானியாவுக்குத் தன்னார்வப் பணிக்குச் செல்பவர்கள், கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்பி வைத்ததோடு நேரக் கணக்கு முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். சுவாஹிலி மொழியில் பகல்பொழுதின் மணி, நம் பழைய நாழிகையைப் போலவே, விடியலிலிருந்து எண்ணப்படுகிறது. காலை 7 மணி அவர்களுக்கு ‘சா மோஜா’, அதாவது ஒரு மணி. பள்ளிக்கு ‘சா தாத்து’வுக்கு, அதாவது அவர்களின் மூன்று மணிக்கு (நம் காலை 9 மணி), வரச் சொன்னதை நம் 3 மணி என்று புரிந்துகொண்டு நான் பிற்பகலில் போய் நின்றபோது வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன; காவலர் சிரித்துக்கொண்டே, சின்ன முள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படிக்கும்படி தம் கடிகாரத்தில் தொட்டுக் காட்டினார்.

பெரியவர்களைக் கண்டால் ‘ஷிகாமோ’ என்று வணங்கி, ‘மரஹபா’ என்ற பதில் வந்து, வீட்டு நலமும் விசாரித்த பிறகே வேலையைப் பற்றிப் பேச வேண்டும். ஏற்காட்டுப் பேருந்தின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பக்கத்து இருக்கைக்காரரின் குடும்பக் கதையோடு கடந்து பழகிய நமக்கு இது கடினமன்று.

சாப்பாட்டுக்கும் கவலையில்லை: மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி நம் களிக்கு உறவுதான், அதையும் வலக்கையால்தான் உருட்டி உண்கிறார்கள். ஊறுகாய் மட்டும் ஒரு புட்டி எடுத்துச் செல்லுங்கள்.