காத்தாடி விடப் போகும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஞ்சா நூலை வீட்டுக்குள் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "டீல் போட மட்டும் கொஞ்சம்" என்று, அதாவது அடுத்தவர் காத்தாடியின் நூலை அறுக்கும் போட்டிக்காக, பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் மறுத்துவிடுங்கள். கண்ணாடித் தூளும் வஜ்ஜிரப் பசையும் ஏற்றிய நூல் அறுந்தால் எங்கே போய் விழும் என்பது விட்டவருக்கே தெரியாது. மேம்பாலத்தின் குறுக்கே அது தொங்கினால், பைக்கில் வருகிறவர் கண்ணில் படுவதற்குள் கழுத்தை அறுத்துவிடும். அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து வந்த சின்னஞ்சிறு குழந்தைகளே சென்னையில் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். செயற்கை இழை மாஞ்சாவுக்கு 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை விதித்தது. இங்கே காவல்துறையும் மாஞ்சா விற்பவர்கள், பயன்படுத்துபவர்கள் மீது வழக்குப் பதிகிறது. சாதாரணப் பருத்தி நூலிலேயே காத்தாடி நன்றாக ஏறும்.

அடுத்த தவறு, மொட்டை மாடி. காத்தாடியை அண்ணாந்து பார்த்தபடி பின்னோக்கி நடக்கும் குழந்தைக்குக் கைப்பிடிச் சுவர் எங்கே இருக்கிறது என்ற நினைவே இருக்காது. சுற்றிலும் அடுக்குமாடிகள் இருந்தால் காற்றும் உடைந்து சுழன்றுதான் வரும். மின்கம்பியில் சிக்கிய காத்தாடியைக் கொம்பால் இழுக்கவே கூடாது. ரயில் பாதைக்கு மேலே போகும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட்.

மெரினாவோ பெசன்ட் நகரோ, கடற்கரைக்கே போய்விடுங்கள். ஆனால் அங்கும் நேரம் தவறக்கூடாது. விடியற்காலையில் பெரும்பாலும் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அறுந்த காத்தாடி அலையில் விழும், பிள்ளை அதன் பின்னால் ஓடும். பகலில் நிலம் சூடேறிய பிறகுதான் கடற்காற்று உள்ளே வருகிறது. மாலை நான்கு மணிக்கு மேல் அது சீராக வீசும்போது போவது நல்லது. அப்போது காத்தாடி மேற்கே போகும் என்பதால், சாலையை ஒட்டி நின்று விட்டால் நூல் வண்டிகளுக்கு மேலே போய்விடும். ஈர மணலுக்குச் சற்று முன்னால் நின்றால் நூல் முழுவதும் மணற்பரப்பின் மேலேயே இருக்கும். சூரியனும் அதே மேற்கில்தான் இருப்பான். எல்லோருக்கும் தொப்பி வேண்டும். சூரியனுக்கு நேராகக் காத்தாடி போனால் நூலை இழுத்துப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

டீலுக்கென்று செய்த, வாலில்லாத சிறிய காத்தாடியைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். நிலையாக நிற்காத அந்தக் காத்தாடியைக் கையாளத் தேர்ந்த விரல்கள் வேண்டும். வால் வைத்த பெரிய காத்தாடியே குழந்தைக்கு ஏற்றது. சுழன்றால் வாலை நீட்டுங்கள். பின்னால் சாய்ந்து தடுமாறினால் சூத்திர முடிச்சை, அதாவது காத்தாடியில் கட்டிய சூத்திரக் கயிற்றோடு நூல் சேரும் முடிச்சை, கொஞ்சம் மேலே ஏற்றுங்கள்.

காத்தாடியை ஏற்ற ஓட வேண்டியதில்லை. இருபது முப்பது மீட்டர் தள்ளி ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து நிற்கட்டும். காற்று வந்ததும் அவர் விட, இவர் நூலை இழுத்தால் போதும்.

ஏறியபின் நூல் சுற்றிய லொட்டாயை அப்பாவே மாலை முழுவதும் வைத்துக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளை இரண்டு முறை கேட்டுவிட்டு மணல்வீடு கட்டப் போய்விடுகிறது. காத்தாடி விழுந்தால் விழட்டும், கொடுத்துவிடுங்கள். பாட்டிக்கும் ஒரு முறை கொடுங்கள். இந்த வயதில் எதற்கு என்பார்கள், கொடுத்தபின் திருப்பித் தரமாட்டார்கள்.

பறவைகள் கூடு திரும்பும் அந்திக்கு முன்பே நூலைச் சுற்றிவிடுங்கள். பருத்தி நூலும் அவற்றின் காலில் சிக்கும் என்பதால், அறுந்து கிடக்கும் துண்டுகளையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.