சாரையை நாகமென்று அடிப்பதும் நாகத்தைச் சாரையென்று பிடிப்பதும்

வரப்பிலோ வைக்கோல் போரடியிலோ பட்டப்பகலில் விறுவிறுவென்று ஓடும் நீளமான பாம்பு பெரும்பாலும் சாரைதான். அதற்கு நஞ்சு இல்லை. ஆனால் ஆறடி நீளத்தைப் பார்த்ததும் கை தடியைத் தேடுகிறது. வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் சாரை கழுத்தைப் புடைத்து உறுமும். அதைப் படமெடுப்பதாக நினைத்து நாகமென்று அடித்துவிடுகிறோம். நாகம் கழுத்தை அகலமாக விரிக்கும். சாரையின் கழுத்து பக்கவாட்டில் ஒடுங்கி, தொண்டைப் பக்கம்தான் உப்பும். பெரிய கண், உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள், வால் பக்கம் கறுப்புப் பட்டைகள், இவற்றைக் கவனியுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். மஞ்சளிலும் உண்டு, கருஞ்சாரையும் உண்டு.

இதற்கு நேர்மாறான தவறுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. "படமெடுக்கல, சாரைதான்" என்று வாலைப் பிடித்துத் தூக்குவது. தப்பி ஓடும் நாகம் படமெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் அடிக்காமல் இருப்பதற்கு, கையில் பிடிப்பதற்கு அல்ல. கடித்துவிட்டால் "சாரையாத்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், சாரையும் நாகமும் இணைசேரும் என்ற பேச்சு. இரண்டும் வேறு வேறு இனம், சேரவே சேராது. நாகம் சாரையைப் பிடித்துத் தின்பதும் உண்டு. இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு தலையுயர்த்தி நிற்பதைப் பார்த்தால், அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை. இணைசேர்வதாக நினைத்து, நல்லது நடக்கும் என்று நம்பி அவற்றின்மேல் துணி போடப் பக்கத்தில் போகாதீர்கள். சாரை மாட்டின் காலைச் சுற்றிப் பால் குடிக்கும் என்பதும் பொய். மடிக்காம்பைக் கவ்வி உறிஞ்சிக் குடிக்கும் வாயமைப்பு பாம்புக்குக் கிடையாது.

இது நம்மூரில் மட்டும் இருக்கும் பாம்பும் அல்ல. மேற்கே ஈரான், துர்க்மெனிஸ்தான் தொடங்கி இந்தியா, இலங்கை வழியாகக் கிழக்கே தென்சீனா, தைவான், ஜாவா வரை சாரை வாழ்கிறது. எலியும் தவளையும் உள்ள இடமெல்லாம் அதற்கு வீடு. அதனால் பிடித்துத் தொலைதூரக் காட்டில் விடுவதை நல்ல காரியமென்று எண்ண வேண்டாம். அதன் இரை நம் நெல்வயலில்தான் இருக்கிறது. ஒருகாலத்தில் தோலுக்காகவே ஏராளமான சாரைகளைக் கொன்றார்கள். இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சாரையைக் கொல்வது குற்றம்.

தடியே எடுக்காமலும் கொல்கிறோம். எலிக்கு வைத்த விஷம், அதைத் தின்ற எலி வழியாகச் சாரைக்கும் போகிறது. தோட்டத்தையும் கோழிக்கூண்டையும் சுற்றிக் கட்டும் நைலான் வலை இன்னும் கொடியது. உள்ளே நுழைந்த சாரை முன்னும் போக முடியாமல், பின்னும் வர முடியாமல், இழை தோலை அறுக்க வெயிலிலேயே காய்ந்து சாகும். வலை கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தரையிலிருந்து ஓரடிக்கு மேலே கட்டுங்கள், தினமும் ஒருமுறை பாருங்கள். பாம்பு சிக்கியிருந்தால் நீங்கள் இழுக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்துவிட்டு, அவர்கள் வரும்வரை அதன்மேல் நிழல் விழும்படி மட்டும் தள்ளி நின்று ஏதாவது செய்யுங்கள்.