ஹெச்டி டியூப் டிவி வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பழைய டியூப் டிவிகளை, அதிலும் ஹெச்டி படம் காட்டுகிற கண்ணாடி டியூப் செட்டுகளை, தேடி அலைகிற கூட்டம் மறுபடி பெருகியிருக்கிறது. நல்ல விஷயம்தான், உடைத்துக் குப்பையில் போட வேண்டிய செட்டுகள் சில தப்பிக்கின்றன. ஆனால் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறுகள் மட்டும் மாறவே இல்லை. ஆரம்ப காலத்தில் எங்கள் கூட்டம் செய்த அதே கூத்துகள், ஏறக்குறைய அதே வரிசையில்.

ரிமோட் இருக்கிறதா, சத்தம் வருகிறதா, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துக்கொள்வீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

தட்டையாக இருந்தால் ஹெச்டி என்று நினைப்பது

இல்லை. அகலத் திரை என்பதாலும் ஹெச்டி ஆகிவிடாது. பின்பக்க சாக்கெட்டையும் மாடல் எண்ணையும் பாருங்கள்.

பழைய கேம் கன்சோலுக்காக ஹெச்டி செட் வாங்குவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். காசும் இதில்தான் அதிகம் போகிறது, முதுகும் இதில்தான் அதிகம் வலிக்கிறது.

தெரிந்த பையன் ஒருவன், 16 பிட் கன்சோல் பைத்தியம். 34 அங்குல ஹெச்டி டியூப் ஒன்றைப் பிடித்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து மாடி ஏற்றியிருக்கிறார்கள். அன்று ராத்திரியே போன். "அண்ணா, படம் ஒரு மாதிரி பிசுபிசுன்னு இருக்கு. பட்டனை அமுக்கினா கொஞ்சம் லேட்டாத்தான் குதிக்குது. கெப்பாசிட்டர் போயிருக்கும்னு நினைக்கிறேன், மாத்தித் தர்றீங்களா?" போய்ப் பார்த்தால் செட் முத்து மாதிரி இருக்கிறது. ஒரு கெப்பாசிட்டரும் போகவில்லை. அந்த டிவி என்ன செய்வதற்காகக் கட்டப்பட்டதோ அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். சாதாரண டியூப் டிவியில் எலக்ட்ரான் கற்றை திரையின் குறுக்கே நொடிக்கு ஏறத்தாழ 15,700 முறை ஓடுகிறது. ஒரு முறை ஒற்றைப்படை வரிகள், அடுத்த முறை இரட்டைப்படை வரிகள் என்று மாற்றி மாற்றி வரையும். இது 480ஐ சிக்னல்: 480 வரிகள், 'ஐ' என்றால் மாற்றி மாற்றி வரைவது, 'பி' என்றால் வரிகளை ஒரே ஓட்டத்தில் வரிசையாக வரைவது. அந்தக் காலத்து கன்சோல்கள் இதில் ஒரு தந்திரம் செய்தன. மாற்றி வரையாமல், ஒவ்வொரு முறையும் அதே வரிகளின் மேலேயே வரையும்படி சிக்னலை அனுப்பின. இதுதான் 240பி. இடையில் விடுபட்ட வரிகள் கறுப்பாக நிற்கும். எல்லோரும் ஆசைப்படுகிற அந்த ஸ்கேன் லைன் அழகு இப்படித்தான் வருகிறது.

ஹெச்டி டியூப் வேறு ஜாதி. 1080ஐ சிக்னலுக்கு அதன் கற்றை நொடிக்கு 33,750 முறை ஓட வேண்டும், 480பி சிக்னலுக்கு சுமார் 31,500 முறை. பெரும்பாலான ஹெச்டி செட்டுகளின் சர்க்யூட்டுக்கு 15,700 வரை இறங்கி ஓடவே தெரியாது. ஆகவே பழைய சிக்னல் உள்ளே வந்ததும், அதை முதலில் டிஜிட்டல் ஆக்கி மெமரியில் வைத்து, வரிகளைக் கூட்டி, தனக்குத் தோதான வேகத்துக்கு மாற்றித்தான் டியூபுக்கு அனுப்பும். சோனி செட்டுகளில் டிஆர்சி என்று மெனுவில் வருவது இந்த வேலைதான்.

இங்கேதான் கோளாறு. அந்த சர்க்யூட்டுக்கு 240பி என்று ஒன்று இருப்பதே தெரியாது. 480ஐ என்று எடுத்துக்கொண்டு, இல்லாத மற்ற பாதி வரிகளைத் தேடிக் கோக்கப் பார்க்கும். ஸ்கேன் லைன் காணாமல் போகும். விளையாட்டில் அடி வாங்கிய ஆள் ஒரு பிரேம் விட்டு ஒரு பிரேம் மின்னுவான் அல்லவா, அது சீப்புப் பல் மாதிரி பிளந்து தெரியும், அல்லது மின்னாமலே போய்விடும். நிழலை இப்படி மின்னவிட்டு அரைத் தெளிவாகக் காட்டிய விளையாட்டுகளில் நிழலே பாழ். மெமரியில் தங்கிவிட்டு வருவதால் தாமதம் வேறு. ஒரு பிரேம் என்றால் 17 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு பிரேம் தாமதம் படம் பார்க்கிறவருக்குத் தெரியாது, பள்ளம் தாண்டுகிறவருக்குத் தெரியும்.

துப்பாக்கி விளையாட்டு? மறந்துவிடுங்கள். கற்றை எந்த நொடியில் எந்த இடத்தைக் கடக்கிறது, எந்தப் பிரேமில் எது வெளுக்கிறது என்கிற நேரக் கணக்கை வைத்துத்தான் அந்தத் துப்பாக்கி குறியைக் கண்டுபிடிக்கிறது. படம் தாமதமாக, வேறு வேகத்தில் வரையப்பட்டால் கணக்கே தப்பு.

ஆக, பழைய கன்சோலுக்கு அந்த ராட்சதனைவிட, யாரும் சீண்டாத சின்ன சாதாரண டியூப் டிவிதான் மேல். அந்தப் பையனிடம் அதைத்தான் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. "நடுவுல ஒரு ஸ்கேலர் வெச்சா?" என்றான். வைக்கலாம். படத்தை வெளியிலேயே 480பி ஆக்கி அனுப்பினால் டிவியின் சொந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி குறையும். ஆனால் டியூப் டிவியின் ஒரு குணத்துக்காக டியூப் டிவி வாங்கி, அந்தக் குணம் வர இன்னொரு பெட்டி வாங்குவது என்ன கணக்கு? அதற்கு யானையைக் கட்டித் தீனி போட வேண்டுமா?

என் கோபமெல்லாம் விற்பவர்கள் மேல். கண்ணாடி டியூப் உள்ள எதைக் கண்டாலும் 'ரெட்ரோ கேமிங்' என்று எழுதி விலையை ஏற்றிவிடுகிறார்கள்.

வாங்குமுன் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சாதாரண டியூப் டிவியை ஆன் செய்தால் ஊசிபோல மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்கும். அது 15,700 ஹெர்ட்ஸ் ஓட்டத்தின் சத்தம். ஹெச்டி செட்டின் ஓட்டம் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் அந்தக் கீச்சு வராது. வயதானால் அந்தக் கீச்சு எந்த டிவியிலும் கேட்காது என்பது தனி சோகம். கூட ஒரு சின்னப் பிள்ளையை அழைத்துப் போங்கள். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா, உங்கள் கன்சோலையே எடுத்துப் போய் மாட்டி, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். வரிக்கு வரி நடுவே கறுப்பு அசையாமல் நின்றால் அது உங்களுக்கான டிவி.

அப்படியானால் ஹெச்டி டியூப் யாருக்கு? 480பி தரக்கூடிய நின்டெண்டோ கேம்கியூப், நின்டெண்டோ வீ, முதல் எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களின் காலத்துக்கு. அதைவிடப் பொருத்தம் எக்ஸ்பாக்ஸ் 360. அதே பையனின் டிவியில் ஒரு 360 கன்சோலை கம்போனன்ட் கேபிளில் (படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வயர்) மாட்டி 1080ஐ வைத்துக் காட்டினேன். கறுப்பு கறுப்பாக இருந்தது, கேமரா சுழலும்போது படம் கரையவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இப்போது அந்த டிவி அவனிடம்தான் இருக்கிறது, பழைய கன்சோலுக்குத் தனியாக 14 அங்குல செட் ஒன்று.

பிளேஸ்டேஷன் 3 மாட்டுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். 720பி சிக்னலை ஏற்காத ஹெச்டி டியூப்களும் உண்டு. 360 எந்த விளையாட்டையும் தானே 1080ஐ ஆக்கிக் கொடுத்துவிடும். பிஎஸ்3 அப்படியில்லை, 720பி விளையாட்டுகள் பலவற்றை நேராக 480பி அளவுக்கு இறக்கிவிடும். சோனியின் செட்டுகள் பொதுவாக 720பி சிக்னலை வாங்கி 1080ஐ ஆக்கிக்கொள்ளும், தொல்லை இல்லை.

எடையை வெறும் எண்ணாகப் படிப்பது

சோனியின் 34 அங்குல எக்ஸ்பிஆர்960 கிட்டத்தட்ட 90 கிலோ. 40 அங்குல எக்ஸ்பிஆர்800 சுமார் 138 கிலோ. படிக்கும்போது 'ஓஹோ' என்று தோன்றும், மாடிப்படி திரும்பும் இடத்தில்தான் அர்த்தம் புரியும். எடை சமமாகவும் இருக்காது. கனமான கண்ணாடி எல்லாம் முன்பக்கம், பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக் கூடு. அதனால் திரை தூக்குபவரின் நெஞ்சைப் பார்த்து இருக்க வேண்டும். பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்குகிறவர் கையில் கூடு மட்டும் மிஞ்சும். டியூபின் கழுத்து ஒல்லியான கண்ணாடிதான், அதில் ஒரு அடி பட்டால் உள்ளே காற்று புகுந்து டியூப் செத்துவிடும். மாற்று டியூப் புதிதாக யாரும் செய்வதில்லை.

டிவியை எப்படிக் கொண்டுவருவது என்பதோடு, அதை எதன் மேல் வைப்பது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். எல்சிடிக்காகச் செய்த அலமாரி வளையும்.

திரையில் இரண்டு மெல்லிய கோடுகளைப் பார்த்துப் பயப்படுவது

சோனியின் ட்ரினிட்ரான் வகை டியூபில் அது பழுது அல்ல. உள்ளே இருக்கிற கம்பி வலையை அதிராமல் பிடிக்கிற கம்பிகளின் நிழல்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது

டியூப் சூடேற வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் பாருங்கள். சூடானதும் சில செட்டுகளில் படம் வீங்கும், சிலவற்றில் ஒரு மூலை மங்கும், சிலது தானாகவே அணைந்துவிடும்.

அடர் சாம்பல் நிறத்தை முழுத் திரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சினிமா ஓடும்போது மறைந்திருப்பதெல்லாம் சாம்பலில் வெளியே வரும். அகலத் திரை செட் என்றால் இரு ஓரங்களையும் நடுவையும் ஒப்பிடுங்கள். பல வருடம் பழைய சதுரப் படத்தையே பார்த்திருந்தால் நடு மட்டும் தேய்ந்து, ஓரங்கள் வேறு நிறத்தில் நிற்கும். இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு மூலையில் மட்டும் பச்சையோ ஊதாவோ படிந்திருந்தால் அது பெரும்பாலும் காந்தம் ஏறியதுதான், டீகாஸ் செய்தால், அதாவது காந்தத்தை இறக்கினால், போய்விடும். ஆன் செய்யும்போது 'டொங்' என்று கேட்பது அந்த வேலை நடக்கிற சத்தம். அதையே திரும்பத் திரும்பச் செய்து பயனில்லை, உள்ளே இருக்கிற பாகம் ஆற 20, 30 நிமிடமாவது விட வேண்டும்.

ஓரங்களில் நேர்கோடு லேசாக வளைவதை மட்டும் பெரிதுபடுத்தாதீர்கள். தட்டையான பெரிய டியூபில் முழுக்க நேரான கோடு என்பது புதிதாக வந்தபோதே அபூர்வம்.

பின்மூடியைக் கழற்றுவது

வேண்டாம். உள்ளே 30,000 வோல்ட் பக்கம் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சாக்கெட்டைப் பார்க்காமல் வாங்குவது

ஆரம்பகால ஹெச்டி செட்டுகளில் கம்போனன்ட் மட்டும்தான் இருக்கும். அப்புறம் டிவிஐ வந்தது, கடைசியில் ஹெச்டிஎம்ஐ. கம்போனன்ட் மட்டும் உள்ள செட்டில் ப்ளூ-ரே பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் பிளேயரின் வயதையும் பார்க்க வேண்டும். 2011க்குப் பிறகு தயாரானவை, நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட டிஸ்க்கை கம்போனன்ட் வழியாக ஹெச்டியில் தராது. இன்னும் பின்னால் வந்தவற்றில் அந்த சாக்கெட்டே இல்லை.

டிவிஐ உள்ள செட் என்றால் ஹெச்டிசிபி என்கிற நகல் தடுப்புப் பூட்டுக்கு ஆதரவு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பல சாதனங்கள் கறுப்புத் திரையைத்தான் காட்டும். ஹெச்டிஎம்ஐ இருந்தாலும் நீங்கள் மாட்டுகிற சாதனம் 1080ஐ தர வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச்சில் 1080பி, 720பி, 480பி மட்டுமே, 1080ஐ கிடையாது.

ஜப்பானில் 'ஹை-விஷன்' என்ற பெயரில் வந்த ஹெச்டி செட்டுகளில் பழையவை மியூஸ் என்கிற அனலாக் ஹெச்டி ஒளிபரப்புக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஒளிபரப்பு 2007ல் நின்றுவிட்டது. பார்க்க அழகான பெட்டிகள், ஆனால் எந்த சிக்னலை எந்த சாக்கெட்டில் ஏற்கும் என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். அங்கே மின்சாரமும் 100 வோல்ட்.

கம்ப்யூட்டர் மானிட்டராகப் பயன்படுத்த நினைப்பது

எழுத்தின் மெல்லிய கோடுகள் 1080ஐ சிக்னலில் துடிக்கும், ஓரங்கள் வெட்டுப்படும். இதற்கென்றே செய்த விஜிஏ டியூப் மானிட்டர் வாங்குங்கள்.

கடையில் வைத்த பிரகாசத்திலேயே ஓட்டுவது

செட் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, 'விவிட்' என்று இருக்கிற படத்தேர்வை மாற்றுவது. கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்தது அது. கான்ட்ராஸ்ட் நூற்றுக்கு நூறில் நின்றால் டியூப் வேகமாகத் தேயும், வெள்ளை இடங்கள் உப்பிக் கூர்மையும் கெடும். பாதிக்குச் சற்று மேலே வைத்து, விளக்கை மங்கலாக்கிப் பாருங்கள். கலர் டெம்பரேச்சர் 'கூல்' என்று இருந்தால் 'வார்ம்' பக்கம் நகர்த்துங்கள். முதலில் மஞ்சளடித்தது போல இருக்கும், கண் பழகிவிடும். ஷார்ப்னஸைக் குறையுங்கள். மெனுவில் விஎம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் அணையுங்கள். ஓரங்களைச் செயற்கையாகத் தடிப்பாக்குகிற வேலை அது. இப்படியே ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள், மெனு எங்கேயும் போகாது.