சிவாலிக் பாறை அடுக்குகளை அளப்பது எப்படி? இமயத்தின் வரலாற்றைப் படிக்க முதல் பாடம்

இமயமலை உயர்ந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளப் பனிச்சிகரங்களுக்குப் போக வேண்டியதில்லை. மலை உயர உயர ஆறுகள் அதை அரித்துத் தெற்கே கொண்டுவந்து கொட்டின. அந்த மணலும் சேறும் கூழாங்கல்லும் இறுகித்தான் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகள் ஆயின. ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய படிவு இது. கீழ்ப் பகுதியில் சேற்றுக்கல் அதிகம், நடுவில் சாம்பல் நிற மணற்கல், மேலே கூழாங்கல் திரள். இந்த வரிசையை உங்கள் கையால் அளந்து படமாக வரைவதுதான் இங்கே வேலை.

பழகுவதற்கு ஏற்ற இடம், சஹாரன்பூர்–டேராடூன் சாலையில் உள்ள மோகண்ட். அங்குள்ள ஆற்றுப்படுகை மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் பெரும்பாலும் வறண்டிருக்கும். அடுக்குகள் வடக்கே சாய்ந்திருப்பதால், தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்குப் போவீர்கள். ராஜாஜி புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு, யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள்.

தேவையானவை: கிளினோமீட்டர் (சாய்வுக் கோணம் அளக்கும் கருவி) உள்ள காம்பஸ், 30 மீட்டர் டேப், 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், சுத்தியல், 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்ட சொட்டுப் புட்டி, பாதுகாப்புக் கண்ணாடி, நூல், பென்சில், கெட்டி அட்டை நோட்டு. செல்போன் காம்பஸை மட்டும் நம்பாதீர்கள். காந்தம் வைத்த உறையும் பக்கத்தில் இருக்கும் சுத்தியலும் திசையை மாற்றிக் காட்டிவிடும்.

படி 1: அடுக்கின் சாய்வு

பாறையின் முகம் சொரசொரப்பாக இருக்கும். அதனால் நோட்டு அட்டையை அதன்மேல் வைத்து, அட்டையின்மேல் அளவெடுங்கள். காம்பஸின் விளிம்பை மட்டமாக வைக்கும்போது அது காட்டும் திசைதான் ஸ்ட்ரைக். அதற்குச் செங்கோணத்தில், அட்டை மிகச் சரிவாக இறங்கும் பக்கத்தில் கிடைக்கும் கோணம் டிப். சந்தேகம் வந்தால் அட்டையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அது ஓடும் பக்கம்தான் சாய்வுத் திசை.

மூன்று இடங்களில் எடுங்கள். 5 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் நீங்கள் அளந்தது அடுக்கே அல்ல. மணற்கல்லுக்குள் ஆற்று மணல்திட்டு நகர்ந்த குறுக்குச் சாய்வுக் கோடுகள் இருக்கும், தொடக்கத்தில் எல்லோரையும் ஏமாற்றுவது இவைதான். மணற்கல்லும் சேற்றுக்கல்லும் சந்திக்கும் எல்லையைத் தேடிப்பிடித்து அங்கே அளந்தால் இந்தக் குழப்பம் வராது.

படி 2: உண்மையான தடிமன்

படுகையில் நடந்த தூரம் அடுக்கின் தடிமன் ஆகாது. சமதரையில், ஸ்ட்ரைக்குக்குச் செங்குத்தாக 40 மீட்டர் நடந்தீர்கள், டிப் 30 பாகை என்றால்:

40 × சைன் 30 = 20 மீட்டர்

ஆறு வளைவதால் நீங்கள் ஸ்ட்ரைக்குக்கு 60 பாகையில் நடந்திருந்தால், சைன் 60-ஆலும் பெருக்க வேண்டும். அப்போது தடிமன் 17.3 மீட்டர்தான். வளைவுக்கு வளைவு டேப்பை நிறுத்தித் திசையைக் குறிக்காமல் போனால் தடிமன் உண்மையைவிடக் கூடிவிடும்.

படி 3: துகளின் அளவு

2 மில்லிமீட்டருக்கு மேல் கூழாங்கல். அதற்குக் கீழே, லென்ஸில் தனித்தனியாகத் துகள் தெரிந்தால் மணல். தெரியாவிட்டால் துளியூண்டு எடுத்து முன்பல்லில் தேயுங்கள்: நறநறத்தால் வண்டல், வழுவழுவென்றால் களி. இதை அமிலம் ஊற்றுவதற்கு முன் செய்துவிடுங்கள்.

கண்ணாடி அணிந்து ஒரு சொட்டு அமிலம் விடுங்கள். செம்பழுப்புச் சேற்றுக்கல்லில் உள்ள சுக்கான்கல் உருண்டைகள் பொங்கினால், அது ஒரு காலத்தில் காய்ந்து கிடந்த மண்தரை என்று கொள்ளலாம். மணற்கல்லும் சில இடங்களில் பொங்கும், அதைப் பார்த்துச் சுண்ணாம்புக்கல் என்று எழுதிவிடாதீர்கள். மணலை ஒட்டவைத்திருக்கும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம்தான் அங்கே பொங்குகிறது.

படி 4: கூழாங்கல் கணக்கு

கூழாங்கல் திரள் உள்ள மேல் பகுதிக்கு, அதாவது மேல் சிவாலிக்குக்கு, வந்ததும் நிதானமாக நில்லுங்கள். மலையின் எந்தப் பகுதி அரிக்கப்பட்டது என்பதைச் சொல்லும் சாட்சிகள் இந்தக் கற்கள்தான். பாறை முகத்தில் 1 மீட்டர் சதுரம் குறித்து, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நூல் கட்டி, நூல்கள் வெட்டும் இடத்தில் உள்ள கல்லை மட்டும் எண்ணுங்கள். 100 கற்கள் போதும். கண்ணுக்குப் பிடித்த கல்லைப் பொறுக்கினால் பெரியதும் பளபளப்பானதுமே கணக்கில் ஏறும். இங்கே குவார்ட்சைட் (மணற்கல் உருமாறி இறுகிய கடினமான கல்) அதிகம் வரும். அது வடக்கே, சிவாலிக்குக்கும் பனிச்சிகரங்களுக்கும் இடையே உள்ள சிற்றிமய மலைகளின் கல்.

தட்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தால், அவை சாயும் பக்கம்தான் பழைய ஆற்றின் மேல்பக்கம். ஆனால் மோகண்டில் அடுக்குகளே வடக்கே சாய்ந்திருக்கின்றன. அடுக்கோடு படுத்துக் கிடக்கும் கல்கூட வடக்கே சாய்ந்ததாகத்தான் தோன்றும். அடுக்கின் சாய்வைக் கழித்த பிறகும் சாய்வு மிஞ்சினால் மட்டுமே ஆற்றின் திசையை எழுதுங்கள்.

படி 5: படம்

1:100 அளவு. 1 சென்டிமீட்டருக்கு 1 மீட்டர். பழைய அடுக்கு தாளின் அடியில். துகள் பெரிதாகப் பெரிதாகக் கட்டத்தின் அகலத்தைக் கூட்டுங்கள். மணலுக்குப் புள்ளி, சேற்றுக்குச் சிறு கோடு, கூழாங்கல்லுக்கு வட்டம். மண்ணோ புதரோ மூடிப் பாறை தெரியாத இடத்தை வெற்றாக விட்டு 'மறைவு' என்று எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

ஒரே ஒரு கூழாங்கல் அடுக்கைக் கண்டதும் மலை உயர்ந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். அது வெறும் ஆற்றுக் கால்வாயாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான மீட்டருக்குத் துகள் தொடர்ந்து பெருத்துக்கொண்டே போனால்தான், மலைமுகப்பு தெற்கே நெருங்கியதா என்று கேட்க இடமுண்டு. அப்போதும் மழையின் போக்கு மாறியிருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

வழியில் எலும்பு கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள். 1836-இல் புதைபடிவ ஆய்வாளர்கள் ஃபால்கனரும் காட்லியும் சிவதேரியம் என்று பெயரிட்ட பிரம்மாண்ட ஒட்டகச்சிவிங்கி இன விலங்கு இந்தக் குன்றுகளில் கிடைத்ததுதான். அளவுகோல் வைத்துப் படமெடுத்து, உங்கள் படத்தில் அது எந்த அடுக்கு, அடியிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ டேராடூனில் உள்ள வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனத்துக்கோ தெரிவியுங்கள்.