வைரஸ் எச்சரிக்கை வந்ததும் வீட்டில் நடக்கும் தவறுகள்

காட்பாடியோ, சத்துவாச்சாரியோ, குடியாத்தமோ, வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் போனில் சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான்: “வைரஸ் வந்துடுச்சு சார், ஃபார்மட் பண்ணிடலாமா?” போய்ப் பார்த்தால் பல வீடுகளில் வைரஸே இருக்காது. வைரஸ் இருப்பதாகச் சொல்லி மிரட்டும் ஏதோ ஒன்றுதான் இருக்கும்.

அந்த மிரட்டல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கை வைப்பதில்தான் மற்ற தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன. அது வெறும் இணையப் பக்கமாக இருக்கலாம். பிரவுசர் அனுப்பும் நோட்டிஃபிகேஷனாக இருக்கலாம். நிஜமாகவே கம்ப்யூட்டருக்குள் ஏறிய போலி புரோகிராமாக இருக்கலாம். போனின் மறுமுனையில் பேசும் ஆளாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. முதல் இரண்டுக்கு ஃபார்மட் போடுவது, அதாவது டிஸ்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது, வீண் வேலை. நான்காவதுக்கு ஃபார்மட் போட்டாலும் வங்கிக் கணக்கு தப்பாது.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இணையப் பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்கை ஸ்கேன் செய்ய முடியாது. குரோமோ எட்ஜோ அதற்கு அந்த அனுமதியைத் தருவதே இல்லை. ‘ஸ்கேன் நடக்கிறது’ என்று பச்சைக் கோடு ஓடுவதும், ஃபைல் பெயர்கள் சரசரவென்று நகர்வதும், சிவப்பில் எண்ணிக்கை ஏறுவதும் முன்கூட்டியே செய்து வைத்த படம். சந்தேகமிருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2 லட்சம் ஃபைல் உள்ள கம்ப்யூட்டரை நிஜ ஆன்ட்டிவைரஸ் முழுதாகப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இது பத்து விநாடியில் முடித்துவிட்டுப் பணம் கேட்கும். சில சமயம் ஆண்ட்ராய்டு போனிலேயே ‘சி டிரைவில் வைரஸ்’ என்று காட்டும். போனில் ஏது சி டிரைவ்?

மூலையில் எட்டிப் பார்க்கும் பெட்டி

இப்போது வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். குடியாத்தத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். திரையின் வலது கீழ் மூலையில், பிரபலமான ஒரு ஆன்ட்டிவைரஸின் சின்னத்தோடு, ‘உங்கள் சந்தா முடிந்தது, கம்ப்யூட்டர் ஆபத்தில்’ என்று பெட்டி வந்துகொண்டே இருந்தது. மூடினால் அடுத்தது வரும். “இந்த ஆன்ட்டிவைரஸை நான் வாங்கவே இல்லையே தம்பி, சந்தா எப்படி முடியும்?” என்றார். சரியான கேள்வி. அந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான் என்று ஃபார்மட்டுக்குத் தயாராகிவிட்டார். பேரன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அந்த ஒரே டிஸ்கில்தான், வேறு காப்பி கிடையாது.

அந்தப் பெட்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள் என்றேன். தலைப்பின் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘கூகுள் குரோம்’ என்று இருந்தது, அதை ஒட்டி வாயில் நுழையாத ஒரு இணைய முகவரி. அவ்வளவுதான் விஷயம். நிஜ ஆன்ட்டிவைரஸ் தன் பெயரில் பேசும், குரோம் வழியாக வந்து பேசாது.

இது எப்படி வந்தது? பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்த ஒரு டாக்குமென்டை யூனிகோடாக மாற்ற எழுத்துரு தேடியிருக்கிறார். ஏதோ ஒரு பக்கம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கிறது, அழுத்திவிட்டார். அந்த அலவ், ரோபோ சோதனைக்கானது இல்லை. அந்த முகவரி இனி எப்போது வேண்டுமானாலும் உங்கள் திரையில் செய்தி காட்டலாம் என்ற அனுமதி. சீரியலை இலவசமாகப் பார்க்கும் தளங்களிலும், புதுப்படம் இறக்கும் தளங்களிலும் இதே தந்திரம்தான்.

எடுப்பது இரண்டு நிமிட வேலை. குரோமில் மேலே இருக்கும் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் பிளாக் செய்யுங்கள். ரிமூவ் மட்டும் போட்டால் அடுத்த முறை மறுபடி கேட்கும். எட்ஜிலும் கிட்டத்தட்ட இதே வழிதான். அப்படியே எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்தையும் திறந்து, நீங்கள் போடாதது எதுவும் இருந்தால் தூக்கிவிடுங்கள். அந்தப் பெட்டியை அழுத்தி உள்ளே போய் ‘சரிசெய்’ கொடுத்தவர்களுக்குத்தான் கதை அடுத்த கட்டத்துக்குப் போகிறது.

திரை முழுக்க நிறைந்து அலறினால்

நீலமோ சிவப்போ திரையை அடைத்துக்கொண்டு, ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் எச்சரித்துக்கொண்டே இருக்கும். கீழே ஒரு போன் நம்பர். ‘கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், அணைத்தால் டேட்டா போய்விடும்’ என்றும் சொல்லும். மவுஸ் நகராத மாதிரித் தோன்றும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு அந்த நம்பருக்குப் போன் செய்வது. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளிலும் பிழைச் செய்திகளிலும் போன் நம்பர் போடுவதில்லை என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. நம்பர் இருந்தாலே போலி என்று முடிவு கட்டலாம், வேறு சோதனையே வேண்டாம்.

எஸ்கேப் கீயைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். அதுவும் முடியவில்லையா, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். டேட்டா போய்விடும் என்பது சும்மா மிரட்டல். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கவா’ என்று கேட்கும், அதற்குச் சரி சொல்லாதீர்கள். சொன்னால் அதே பக்கம் திரும்ப வந்து உட்காரும். அந்தப் பக்கத்துக்குள்ளேயே காட்டும் பெருக்கல் குறியையும் தொட வேண்டாம், சில பக்கங்களில் அதுவும் பொய்ப் பட்டன்தான்.

போன் செய்தவர்களுக்கு என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாடகம் நம்பும்படியாக இருக்கும். பேசுகிறவர் பொறுமையாக, மரியாதையாகப் பேசுவார். ஈவென்ட் வியூவர் என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்வார். அங்கே மஞ்சளும் சிவப்புமாக வரிசையாகக் குறிகள் இருக்கும். “பாருங்க, எல்லாம் வைரஸ்” என்பார். நேற்று கடையிலிருந்து வாங்கி வந்த புதுக் கம்ப்யூட்டரிலும் அந்தக் குறிகள் இருக்கும். விண்டோஸ் தன் சின்னச் சின்னத் தடுமாற்றங்களை எழுதி வைக்கும் நோட்டு அது. அடுத்து எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் சாஃப்ட்வேர் ஒன்றைப் போடச் சொல்வார். எனிடெஸ்க் நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனால் அதை அவரிடம் திறந்து கொடுத்தால் உங்கள் மவுஸ் அவர் கையில். அப்புறம் நெட் பேங்கிங் திறந்து கட்டணம் கட்டச் சொல்வது. 2023 அக்டோபரில் சிபிஐ பல மாநிலங்களில் நடத்திய ‘ஆபரேஷன் சக்ரா 2’ சோதனைகளில் இப்படிப்பட்ட கால் சென்டர்களும் சிக்கின. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெற்றோர்தான் இதில் எளிதில் விழுகிறார்கள். மகன் தினமும் வீடியோ காலில் பேசுவதால் கம்ப்யூட்டரும் எப்போதும் திறந்தே இருக்கிறது.

நிஜமாகவே உள்ளே ஏறிவிட்டால்

இதற்கு அடையாளம் வேறு. இன்டர்நெட்டைத் துண்டித்தாலும், பிரவுசரைத் திறக்காவிட்டாலும் எச்சரிக்கை வரும். டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு கவசம் சின்னம். டாஸ்க் மேனேஜரைத் திறக்க விடாது. நல்ல புரோகிராமைத் திறந்தாலும் ‘இதில் வைரஸ்’ என்று மூடிவிடும். எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சொல்லும், ஒன்றையும் நீக்காது. நீக்கக் காசு கேட்கும்.

இந்த வியாபாரம் பழசு. வின்ஃபிக்சர் போன்ற போலிகளை விற்றதாக ஒரு கும்பல் மீது அமெரிக்காவின் எஃப்டிசி என்ற வர்த்தக ஆணையம் 2008-ல் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல் என்றது ஆணையம். 2012-ல் வந்த தீர்ப்பில் விதித்த தொகை 16.3 கோடி டாலர். அதோடு ஓய்ந்ததா என்றால் இல்லை. 2024-ல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு சைப்ரஸ் நிறுவனங்கள், பொய் எச்சரிக்கை காட்டி ரிப்பேர் சாஃப்ட்வேர் விற்ற வழக்கில் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

உள்ளே ஏறிய போலியிடம் நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் முதலாவது, “ஆயிரம் ரூபாய்தானே, கட்டித் தொலைச்சிடலாம்” என்று கட்டுவது. கட்டினால் கத்தல் சில நாள் நிற்கலாம், புரோகிராம் போகாது, கார்டு விவரமும் அவர்களிடம் போய்விட்டது. இரண்டாவது, டெஸ்க்டாப் ஐகானை டெலீட் செய்துவிட்டு முடிந்தது என்று நினைப்பது. வீட்டுக் கதவில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றினால் குடியிருப்பவர் காலி செய்துவிடுவாரா? மூன்றாவது, பயத்தில் வரிசையாக மூன்று நான்கு ஆன்ட்டிவைரஸ் இறக்குவது. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் படுத்துவிடும். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தி இறக்கினால் அதிலும் ஒரு போலி இருக்க வாய்ப்பு உண்டு.

நான் செய்யும் வரிசை இது. முதலில் வைஃபையைத் துண்டிக்க வேண்டும். ஃபோட்டோ, டாக்குமென்டுகளை மட்டும் வெளி டிஸ்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், செட்டப் ஃபைல்களை வேண்டாம். அப்புறம் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக 4 அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ். விண்டோஸ் 11 லேப்டாப் என்றால் இதற்கு முன் ஒன்று: பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், வழியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனில் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். இது தெரியாமல் பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

சேஃப் மோடில் பெரும்பாலான போலிகள் எழுந்திருக்காது. கன்ட்ரோல் பேனலில் புரோகிராம் பட்டியலைத் திறந்து, இன்ஸ்டால் ஆன தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்தவை மேலே நிற்கும், அவற்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு சாதாரணமாகத் திறந்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும், சுமார் 15 நிமிடம். இரண்டாவது அபிப்ராயம் வேண்டுமானால் மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுக்கலாம். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்ட்டிவைரஸ் கூடவே வருகிறது, காசு கொடுத்து வாங்கித்தான் தீர வேண்டும் என்று வீட்டு உபயோகத்துக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை.

போலி போன பிறகு இன்டர்நெட் வரவில்லை என்று சிலர் மறுபடி கூப்பிடுவார்கள். அது போகும்போது விட்டுப்போன பிராக்ஸிதான், அதாவது இன்டர்நெட்டை வேறு வழியாகத் திருப்பிவிடும் அமைப்புதான், காரணமாக இருக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் பிராக்ஸி என்று இருக்கும், அங்கே மேனுவல் பிராக்ஸியை அணைத்தால் சரியாகிவிடும்.

எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் டிஃபெண்டரில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஸ்கேன் செய்யாமல் விட வேண்டிய இடங்களின் பட்டியல் அது. சில கம்ப்யூட்டர்களில் சி டிரைவ் முழுவதுமே அதில் இருக்கும். காசு கட்டாத விண்டோஸைப் போட்டுக் கொடுக்கும்போது, ஆக்டிவேட் செய்யும் திருட்டு டூலை டிஃபெண்டர் பிடித்துவிடக்கூடாது என்று போட்டுவிட்டு, அப்படியே மறந்துபோகிறார்கள். வாசலைத் திறந்து வைத்த ஆள் கூலியும் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

பழைய அரசு லேப்டாப் பற்றி ஒரு வார்த்தை. 2011-ல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்தான் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பல வீடுகளில் இன்றும் ஒரே கம்ப்யூட்டர். அதில் பழையவை விண்டோஸ் 11 தாங்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. மின்கட்டணம் கட்டவும், வில்லங்கச் சான்று பார்க்கவும் மட்டும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடுங்கள். விண்டோஸுக்காக எழுதிய போலிகள் அதில் ஓடாது.

பணம் போயிருந்தால்

வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருப்பதில்தான் மீதிப் பணமும் போகிறது. ரிமோட் சாஃப்ட்வேர் ஏறிய கம்ப்யூட்டரை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசி கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்குங்கள். ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில், தெரிவித்த பிறகு போவதற்கு வங்கி பொறுப்பு. ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதி இது. அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அடுத்து 1930-க்குப் போன், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் பழைய பழக்கத்தில் புகாருக்கு வேலூர் பஸ் ஏற வேண்டாம். 2019-க்குப் பிறகு அவர்கள் மாவட்டம் திருப்பத்தூர். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளையும் அந்த வேறு போனிலிருந்தே மாற்றுங்கள், சுத்தம் செய்யாத கம்ப்யூட்டரில் மாற்றினால் புதியதும் அவர்கள் கைக்குப் போகலாம்.

சில வாரம் கழித்து, “நீங்க ஏமாந்த பணத்தைத் திருப்பித் தர்றோம், ஒரு சின்ன ஃபார்ம் மட்டும்” என்று இன்னொரு போன் வரலாம். ஏமாந்தவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு அதே ஆட்களோ, அவர்களிடம் பட்டியலை வாங்கியவர்களோ கூப்பிடுவது அது.