பிரிட்டன் தேர்தல் முடிவைப் படிப்பது எப்படி?

எத்தனை இடம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, நாடே ஒரு கட்சி பக்கம் சாய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஒரு தாளில் வாக்கு சதவீதத்தையும் இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 2024-ல் தொழிற்கட்சிக்குச் சுமார் 34 சதவீத வாக்கு, 650-ல் 411 இடம். வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் 14 சதவீதம் வாங்கியும் 5 இடம்தான், ஆனால் 12 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்களுக்கு 72. ரிஃபார்மின் வாக்கு நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது, இவர்களுடையது சில வட்டாரங்களில் குவிந்திருந்தது, அவ்வளவுதான். தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே ஜெயிப்பார் என்ற இதே முறைதான் இந்திய மக்களவைக்கும் என்பதால் நமக்குப் பழகிய கணக்குதான். ரிஃபார்மின் அரசியல் எனக்குத் துளியும் ஒத்துவராது, ஆனாலும் 40 லட்சம் பேருக்கு மேல் போட்ட வாக்குக்கு 5 இடம் என்பது அநியாயம்.

அப்புறம் தொகுதிக்குள் இறங்குங்கள். தென்மேற்கு நார்ஃபோக்கில் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 630 வாக்கில் தோற்றார். ஜெயித்தவர் வாங்கியது 27 சதவீதம்கூட இல்லை. வாக்குப்பதிவையும் பாருங்கள்: நாடு முழுக்க 60 சதவீதம்தான், அப்படியானால் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் ஆதரவோடு தொழிற்கட்சிக்கு இவ்வளவு பெரிய பெரும்பான்மை.

வாக்கு சதவீதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை வேண்டுமா என்ற விவாதத்தில் இறங்கினால், "2011 வாக்கெடுப்பிலேயே மக்கள் விகிதாசார முறையை நிராகரித்துவிட்டார்களே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றது உண்மை, ஆனால் அன்று கேட்கப்பட்டது மாற்று வாக்கு முறை. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை போடலாம், ஆனால் தொகுதிக்கு ஒரே உறுப்பினர்தான், அதனால் அது விகிதாசாரமே இல்லை. விகிதாசாரத்தைப் பற்றி பிரிட்டன் முழுவதையும் யாரும் இன்றுவரை கேட்கவில்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சட்டமன்றங்களில் அதன் வெவ்வேறு வகைகள் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கின்றன.

தொகுதிக்கென்று ஒரு எம்.பி. இருப்பது நல்லதுதான், இப்போதைய முறையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதமும் அதுதான். ஆனால் வட அயர்லாந்து சட்டமன்றத்தில் ஒரு தொகுதிக்கு ஐந்து உறுப்பினர்கள், யாரிடம் வேண்டுமானாலும் போகலாம்.

சரி, நீங்கள் அங்கேயே சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமகன் என்றால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். காமன்வெல்த் குடிமக்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆன்லைனில் பெயரைப் பதிந்துவிட்டு, வாக்குச்சாவடிக்கு உங்கள் நாட்டு பாஸ்போர்ட்டையே அடையாளமாக எடுத்துப் போங்கள்.